சேற்றில் விரித்த பந்தி

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கார்த்திகை மழையில் நிரம்பிய யாழ்ப்பாணக் கடல்நீரேரி தை பிறந்ததும் வற்றத் தொடங்குகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வானம் பெய்ததும் கடல் தள்ளியதும் கலந்து, பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இல்லாமல் பரந்து கிடக்கிற அந்த நீர் பின்வாங்கப் பின்வாங்க, பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் நடுவில், அராலியில், நாவற்குழியில், அரியாலைக்குக் கிழக்கே, சேறு தலைகாட்டுகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது மூக்கைப் பொத்தவைக்கிற சேறு. சைபீரியாவிலிருந்து வந்திறங்கிய பறவைக்கு அது விரித்துவைத்த பந்தி.

அந்தப் பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதை அலகு தீர்மானிக்கிறது. முப்பது கிராம்கூடத் தேறாத சின்ன உள்ளான் ஈரத்தின் மேற்பரப்பில் ஓடியோடிக் கொத்துகிறது. சற்று நீண்ட அலகுள்ள பவளக்காலி, கணுக்கால் தண்ணீரில் நின்று சேற்றைத் துழாவுகிறது. கீழ்நோக்கி வளைந்து, 15 சென்ரிமீற்றர் வரை நீளும் அலகோடு வருகிற குதிரைமலைக் கோட்டான், மற்றவை எட்டமுடியாத ஆழத்தில் ஒளிந்திருக்கும் நண்டையும் புழுவையும் இழுத்தெடுக்கிறது. ஒரே சதுர அடிச் சேற்றில் மூன்று இனம் மேய்ந்தாலும் ஒன்றின் கவளத்தில் மற்றது கைவைப்பது குறைவு. உள்ளானின் அலகு நுனி இன்னும் விசேஷமானது. அங்கே உணர்ச்சிக் குழிகள் நெருக்கமாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள் புழு அசைவதை நுனியே அறிந்துவிடும். அலகை முழுக்கத் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்றவும் பல இனங்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ‘வடிவான குருவி’ என்றால் பெரும்பாலும் மீன்கொத்தியையோ கிளியையோதான் காட்டுவார்கள். நிறம் இருந்தால் வடிவு. இந்தச் சாம்பல் நிற உள்ளான் கூட்டத்தை யாரும் வடிவென்று சொல்லிக் கேட்பதில்லை. ஆனால் நிறத்தைப் பார்த்து முடிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு பறவை என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் அரை நாளும் போதாது. இந்தச் சொற்பொழிவு அந்த இரண்டாவது வகைப் பார்வையைப் பற்றியது.

நிறத்தையே விரும்புகிறவர்களும் பொறுமையாக இருந்தால் உள்ளான் ஏமாற்றாது. வளைமூக்கு உள்ளானை மார்கழியில் பார்த்தால் முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. அதே கூட்டத்தைப் பங்குனிக் கடைசியில் பார்த்தால் சிலவற்றின் நெஞ்சில் செங்கல் நிறத் திட்டுகள் தெரியும். சித்திரையில் புறப்படும்போது பல பறவைகள் கழுத்திலிருந்து வயிறு வரை சிவந்திருக்கும். ஆர்க்டிக்கின் மரமில்லாச் சமவெளியில் துணை தேடப் போகிற பறவை, அதற்கான உடுப்பை மண்டைதீவில் நின்றே மாற்றத் தொடங்குகிறது. புத்தகத்தில் கோடைக்காலப் படமும் குளிர்காலப் படமும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பாதிச் சிவப்புப் பறவையைப் பார்க்கிற வாய்ப்பு, பங்குனியில் சேற்றோரம் நிற்கிறவருக்குத்தான்.

நடு ஆசியாவினூடாகப் பறவைகள் வடக்கும் தெற்குமாகப் போய்வருகிற வான்வழியின் தென்கோடியில் இலங்கை இருக்கிறது. இந்தியக் கரையை விட்டுப் பாக்கு நீரிணையைக் கடக்கிற பறவைக்கு முதலில் தென்படும் தரை மன்னாரும் யாழ்ப்பாணமும் தீவுகளுமே. புரட்டாசியில் வரத்தொடங்கி சித்திரைக்குள் பெரும்பாலானவை போய்விடும். எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு இப்போது கருவிகள் பதில் சொல்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியல் குழு, சீன விஞ்ஞானிகளுடன் சேர்ந்து மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி பூட்டிய கடற்காகங்கள், 2021-ஆம் ஆண்டு ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போன பாதை வரைபடத்தில் பதிவானது. உலக அளவில் பார்த்தால் இதற்கும் மேல் ஒரு பயணம் உண்டு. 2022 ஒக்ரோபரில், பிறந்து ஐந்து மாதமேயான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து முடித்தது. தாய் தகப்பன் வழிகாட்டவில்லை. பெரியவை முன்பே போய்விடும். அந்த இனத்தின் சில பறவைகள் ஒவ்வொரு பருவமும் வட இலங்கைக் கரைகளிலும் இறங்குகின்றன.

பூநாரையைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்த முடியாது, ஏனென்றால் இன்று குடாநாட்டில் பறவை பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகவே போகிறார்கள். மண்டைதீவிலோ சுண்டிக்குளத்திலோ ஒரு கூட்டம் இறங்கினால் அன்றைக்கே படம் எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் வந்துவிடும். அதன் இளஞ்சிவப்பு பிறவி நிறமல்ல. குஞ்சு சாம்பல் நிறம். பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள கரோட்டின் வகை நிறமிகளை உண்டு உண்டு ஆண்டுக்கணக்கில் சிவக்கிறது. துணைக்கண்டத்தில் அவை பெருந்தொகையாகக் கூடுகட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். பறவையியலாளர் சாலிம் அலி 1945-இல் அங்கே போய் அந்தச் சேற்றுக் கூடுகளின் நகரத்தை நேரில் பார்த்து எழுதினார்.

அது சாப்பிடுகிற விதத்தைப் பார்க்கவேண்டும். தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வருமாறு தண்ணீருக்குள் வைக்கிறது. நாக்கு பம்புபோல முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகோரத்துச் சல்லடை இரையைப் பிடித்துக்கொள்கிறது. கால் சும்மா இருப்பதில்லை. நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துச் சேற்றைக் கிளப்புகிறது. இது வெறும் வடிகட்டல் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலி நாட்டுப் பூநாரைகளைக் கண்ணாடித் தொட்டியில் இரையெடுக்கவைத்துப் படம்பிடித்து, 2025-இல் வேறொன்றைக் காட்டினார்கள். பூநாரை தலையைச் சட்டென்று மேலே இழுக்கும்போது நீருக்குள் சிறு சுழல் எழுகிறது. கால் மிதிப்பும் அலகின் படபடப்பும் சுழல்களை உண்டாக்குகின்றன. தப்பி ஓடக்கூடிய சிற்றுயிர்கள் அந்தச் சுழலில் சிக்கி வாய்க்கு வருகின்றன. வடிகட்டி என்று நினைத்த பறவை வேட்டையாடி.

இதைப் பார்க்க அது தலைகவிழ்ந்து நிற்கவேண்டும். நம்மூரில் நடப்பது வேறு. கூட்டம் பறந்தால் சிறகின் சிவப்பும் கறுப்பும் தெரியுமென்று கைதட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள், அண்மைக்காலமாக ட்ரோனையும் மேலே அனுப்புகிறார்கள். படம் வடிவாக வரும், சந்தேகமில்லை. அந்தப் படத்தில் இருப்பது மிரண்டு ஓடுகிற கூட்டம்; அது தின்று சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு அந்த ஓட்டத்தில் கரைகிறது.

விருந்தாளிகளை விட்டு வீட்டுக்காரரிடம் வருவோம். வெளியூர்ப் பறவையைப் பார்க்கப் பெற்றோல் செலவழிக்கிறவர்களில் பலர், தங்கள் வளவுப் பனையில் நடப்பதைப் பார்த்ததில்லை.

பனை உழவாரன் என்று ஒரு பறவை. அரிவாள்போல வளைந்த சிறகு, கருஞ்சாம்பல் உடம்பு. மாலையில் பனங்கூடலுக்கு மேலே கீச்சிட்டுக்கொண்டு சுற்றும். தரையில் இறங்காது, கிளையில் உட்காராது. அதன் கால் தொற்றிக்கொள்ள மட்டுமே உதவும். குடித்தனம் முழுக்கக் காவோலையில். பனையில் தொங்குகிற காய்ந்த ஓலையின் உட்புறத்தில், பறக்கும்போதே பிடித்த பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டி, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு மடிப்பைச் செய்கிறது. முட்டை இரண்டோ மூன்றோ. அவற்றையும் எச்சிலாலேயே ஒட்டிவிடுகிறது. ஒட்டாவிட்டால் சோளகக் காற்றில் ஓலை ஒருமுறை புரண்டால் போதும், வம்சம் முடிந்தது. தாயும் தகப்பனும் ஓலையைச் செங்குத்தாகப் பற்றிக்கொண்டே அடைகாக்கின்றன. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று ஊரில் பழமொழி. இந்தப் பறவைக்குக் காவோலை விழுவது சிரிக்கிற விஷயமில்லை.

அதே பனையின் உடலில் இன்னொருவர் இருக்கிறார். பொன்முதுகு மரங்கொத்தி. யாழ்ப்பாணத்தார் மரங்கொத்தி என்றவுடன் நினைப்பது இந்தப் பொன்மஞ்சள் முதுகைத்தான். கண்டியிலோ காலியிலோ இருப்பவரைக் கேட்டால் சிவப்பு முதுகைச் சொல்வார். இரண்டும் பொய்யில்லை. இலங்கையின் பெரும்பகுதியில் இருப்பது முதுகு சிவந்த மரங்கொத்தி. வடக்கில் இருப்பது இந்தியப் பறவைக்கு நெருங்கிய பொன்னிற வகை, அறிவியல் பெயரிலேயே ‘யாப்னென்சே’ என்று யாழ்ப்பாணத்தைச் சுமக்கிற வகை. இரண்டும் சந்திக்கிற இடம் மன்னாரிலிருந்து திருகோணமலை நோக்கி நீளும் ஒரு பட்டை. அங்கே செம்மஞ்சளும் இடைநிறங்களுமாகக் கலப்புப் பறவைகள் திரிகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறத்தையும் அளவுகளையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, சிவப்பு முதுகு மரங்கொத்தியைத் தனி இனமாகவே கொள்ளவேண்டுமென்று 2016-இல் எழுதினார்கள். கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது நடந்து கடக்கிற நிலம். கடலும் நிலமும் மாறிமாறி வந்த அந்தக் கதையின் ஒரு பக்கம் கோப்பாயிலோ கொடிகாமத்திலோ ஒரு பனையில் ‘டொக் டொக்’ என்று தட்டிக்கொண்டிருக்கிறது.

தட்டுகிறதைப் பார்க்கிறவர்கள் வாலையும் பார்க்கவேண்டும். வாலிறகுகள் விறைப்பானவை, அவற்றை மரத்தில் ஊன்றி, இரண்டு காலோடு மூன்றாவது காலாக்கிக்கொள்கிறது. ஆண்பறவைக்கு நெற்றியிலிருந்து கொண்டைவரை சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் போதும், எந்தத் துணை எப்போது பொந்துக்குள் போகிறது என்று கூடுகாலம் முழுக்கக் கணக்கு வைக்கலாம்.

யுத்தம் குடாநாட்டுப் பனைகளை என்ன செய்தது என்பது இந்த அவையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஷெல் அடித்துத் தலைபோன மொட்டைப்பனைகள் வருடக்கணக்கில் நின்றன. சில இன்னும் நிற்கின்றன. உள்ளே உக்கி, கோறையாகி, மேலே திறந்த அந்தத் தூண்களில் கிளி குடிபுகுந்தது, மைனா குடிபுகுந்தது. அழிவிலும் நன்மை என்று இதைச் சொல்வது அபத்தம். நடந்தது அது, அவ்வளவுதான். இப்போது காணி துப்புரவாக்கும்போது முதலில் விழுவதும் அந்த மொட்டைப்பனைதான்.

வேலிக் கதை தனி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் போட்ட வேலியில் இலையைத் தைத்துக் கூடுகட்டுகிற தையற்சிட்டு இருந்தது. பூவரசு இலையின் இரண்டு ஓரத்தையும் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து இழுத்து, வெளிப்பக்கம் நூல் பிசிறி முடிச்சுப்போல் திரள்வதால் அவிழாமல் நிறுத்திவிடுகிற கைவேலை அது. முள்முருக்கு பூத்தால் மைனாவும் கரிக்குருவியும் தேனுக்கு வரும். தகரமும் சீமெந்து மதிலும் வந்தபிறகு இந்தக் குடும்பங்கள் ஒழுங்கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. மதில் கட்டவேண்டாமென்று யாரும் சொல்லப்போவதில்லை. மதிலுக்கு உட்புறம் நாலு பூவரசங் கதியால் ஊன்ற மேசன் தேவையில்லை.

புலுனியைப் பற்றிச் சொல்லாமல் வளவை விட்டு வெளியேற முடியாது. ஆறு, ஏழு, பத்து என்று கூட்டமாகச் சருகைக் கிளறி, ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகிற அந்த மண்ணிறக் குருவியை ஊரில் யாரும் மதிப்பதில்லை. ஒரு சோடி கூடுகட்டினால் கூட்டத்தின் மற்றப் பறவைகளும் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. இரவில் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உறங்குகின்றன. பகலில் ஒன்றன் தலையை மற்றது கோதிவிடுகிறது. இந்த ஒற்றுமையைச் சுடலைக்குயில் நன்றாக அறிந்துவைத்திருக்கிறது. தன் முட்டையை இவற்றின் கூட்டிலேயே இட்டுவிட்டுப் போகிறது; கூட்டமே சேர்ந்து அந்தக் குஞ்சை வளர்க்கிறது. வழக்கமான குயில் காகத்தை ஏமாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் சித்திரையில் மாமரத்திலிருந்து ‘குக்கூ’ என்று உச்சத்துக்கு ஏறிப் பாடுவது கறுப்பு ஆண் என்பதும், புள்ளிபோட்ட கபிலநிறப் பெண்ணின் குரல் வெறும் ‘கிக் கிக் கிக்’ என்பதும் நம் சினிமாப் பாட்டாசிரியர்களுக்கு இன்றுவரை போய்ச்சேரவில்லை.

குடாநாட்டிலும் அதை ஒட்டிய வடமேற்குக் கரையிலும் மட்டும் வழக்கமாகக் காணக்கூடிய பறவைகள் சில இலங்கையில் உண்டு. கவுதாரி அவற்றில் ஒன்று. தெற்கில் இருந்து வருகிற பறவை ஆர்வலர்கள் கவுதாரியைத் தேடி விடியப்புறம் காரில் அலைகிறார்கள். கோழிக்குஞ்சைத் தூக்குகிற கரும்பிராந்தும் தெற்கில் அரிது. இங்கே மீன் சந்தைக்கு மேலே எப்போதும் வட்டமிடுகிறது. நமக்குச் சலித்துப்போனது அவர்களுக்கு அபூர்வம்.

இதில் கொஞ்சம் வெட்கப்படவேண்டிய விஷயமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பறவைகளை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் வெளியார். சிவில் சேவையிலிருந்த எட்கார் லேயார்ட் 1853-54இல் இலங்கைப் பறவைக் குறிப்புகளை வெளியிட்டார். நினிவேயைத் தோண்டிய ஒஸ்டின் லேயார்டின் தம்பி அவர். தஸ்மேனியாவில் பிறந்து பீரங்கிப்படை அதிகாரியாக வந்த வின்சன்ற் லெக் 1878 தொடக்கம் 1880 வரை இலங்கைப் பறவைகளின் பெருநூலைக் கொண்டுவந்தார். ஜி. எம். ஹென்றியின் கைநூல் 1955-இல் வந்தது. அதே காலத்தில் இந்த மண்ணின் விவசாயிக்கும் மீனவருக்கும் வேட்டைக்காரருக்கும் ஒவ்வொரு பறவைக்கும் பெயர் தெரிந்திருந்தது, எந்த மாதம் எங்கே இறங்கும் என்பதும் தெரிந்திருந்தது. எழுதவில்லை. பிறகு வந்த யுத்த காலத்தில் தெற்கின் பதிவாளர்களும் வரமுடியவில்லை. பல பருவங்களுக்குக் குடாநாட்டுப் பக்கம் வெள்ளைத் தாளாகவே கிடந்தது.

காப்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1937-ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மிகச் சில இனங்களைத் தவிர எல்லாப் பறவைக்கும் பாதுகாப்புத் தருகிறது. கெற்றப்போலோடு திரிகிற பையனின் தகப்பனுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது. சுண்டிக்குளம் 1938-இலேயே பறவைகள் சரணாலயம். 2015-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. மன்னாரின் வங்காலை 2010-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமானது. யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கு அந்தத் தகுதி இன்னும் இல்லை. தடைசெய்த தங்கூசி வலையின் அறுந்த துண்டுகள் கண்டல் வேரில் சிக்கிக் கிடக்க, கொக்கும் நீர்க்காகமும் அதில் மாட்டுகின்றன. ஊர்க் குப்பை கரையோரத்தில் கொட்டப்படுகிறது. குப்பையைத் தேடி வருகிற நாய் தரையில் கிடக்கும் ஆக்காட்டி முட்டையையும் விட்டுவைப்பதில்லை.

2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதான வேலைகள் தொடங்கிவைக்கப்பட்டன. சுற்றாடல் அமைப்புகள் இடத்தெரிவை எதிர்த்தன. யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு நல்ல மைதானம் வேண்டுமென்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பறவையா பந்தா என்று இதைச் சண்டையாக்குகிறவர்கள் இரண்டு பக்கத்துக்கும் தீங்கு செய்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. எந்தத் தாழ்நிலம் நிரப்பப்படும்? நீர் ஏறி இறங்குகிற வாய்க்கால் எங்கே மறிபடும்? இரவு வெளிச்சம் எந்தப் பக்கம் விழும்? இவற்றுக்கு எண்களோடு பதில் வேண்டுமானால் எந்தச் சேற்றில் எந்த மாதம் எத்தனை பறவை என்ற கணக்கு கையில் இருக்கவேண்டும். ஊரவர் கையில் அந்தக் கணக்கு போதாது.

கணக்கெடுக்க வழி இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஈபேர்ட் தளத்தில் யாரும் எந்த நாளும் பட்டியல் இடலாம். பைனாகுலர் எட்டுத் தடவை பெருக்கினால் போதும். பத்துத் தடவையென்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. காலையில் கடல்நீரேரியின் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்பக்கம் விழும், பறவையின் கால் நிறம்வரை தெரியும். மாலையென்றால் மேற்குக் கரை. சரசாலைக் குருவிக்காட்டுக் கண்டலுக்குப் போகிறவர்கள் கொக்கு அடைய வருகிற நேரத்துக்கு முன்பே போய், ஒதுங்கி அமர்ந்துவிட வேண்டும். பெரிய கூட்டத்தை ஒன்று இரண்டென்று எண்ண முடியாது. முதலில் ஐம்பது பறவையை எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறதென்று கண்ணில் வைத்துக்கொண்டு, அதே அளவால் மிச்சக் கூட்டத்தை அளந்துபோக வேண்டும். பெயர் தெரியாவிட்டால் காலின் நிறத்தையும் அலகின் வளைவையும் குறித்துக்கொண்டு, அருகில் வலை காயப்போடுகிற மீனவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதலாம். பட்டியலில் இனத்துக்கும் எண்ணிக்கைக்கும் கட்டம் இருக்கும். பறவை சேற்றை மிதித்துக்கொண்டு நின்றதா, நெஞ்சு சிவக்கத் தொடங்கியிருந்ததா என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதவேண்டும். ஒரு வரி போதும், தேதியோடு.